ஆஸ்பத்திரியிலயோ முதியோர் இல்லத்துலயோ நர்ஸிங் தப்பு நடந்துருச்சா? முதல் நாள்ல இருந்து கன்ஸ்யூமர் கோர்ட் வரைக்கும் எதை எப்போ செய்யணும்

எங்கப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 19 நாள் வச்சிருந்தோம். உள்ள போகும்போது முதுகுல ஒரு கீறல் கிடையாது, வெளிய கூட்டிட்டு வரும்போது இடுப்புக்குக் கீழ என் உள்ளங்கை அகலத்துக்கு படுக்கைப்புண், டிரெஸ்ஸிங்கை பிரிச்சா எலும்பு தெரியுது. அந்தக் கேஸை நடத்தி முடிக்கிறதுக்குள்ள கத்துக்கிட்டதையும், அப்புறம் தெரிஞ்சவங்க ஏழெட்டு குடும்பத்துக்கு கூடப் போய் நின்னப்ப பார்த்ததையும் வச்சு இதை எழுதுறேன்.

நான் பார்த்தவரைக்கும் ஜனங்க தடுமாறுறது வரிசையிலதான். முதல்ல வார்டுல சண்டை, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் வக்கீல், கடைசியா பேப்பர்னு போறாங்க, பேப்பரைத் தேடுற நேரத்துல அது மாறியிருக்கும் இல்ல காணாம போயிருக்கும். பேப்பர்தான் முதல்ல வரணும். கீழ இருக்கிற வரிசை தமிழ்நாட்டுல நடக்கிற கேஸுக்கானது, மத்திய சட்டம் பத்தி சொல்றது மட்டும் இந்தியா முழுக்க பொருந்தும்.

1. முதல்ல ஆளைக் காப்பாத்துங்க, கையெழுத்து போடாதீங்க

தப்பு மருந்து போயிருக்கு, கீழ விழுந்துட்டாங்க, புண்ணு வந்திருக்குனு தெரிஞ்ச உடனே டியூட்டி டாக்டரை வரச்சொல்லி பார்க்க வைங்க, அவர் பார்த்ததை கேஸ் ஷீட்ல எழுதச் சொல்லுங்க. எழுதுற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. நடந்த அன்னைக்கே டாக்டர் கையால விழுந்த ஒரு வரிக்கு இருக்கிற பலம் ஆறு மாசம் கழிச்சு நாம எழுதுற பத்து பக்கத்துக்கு இல்ல.

அங்க நம்பிக்கை போயிருச்சுன்னா வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துங்க. ஆனா மாத்தும்போது ஒரு பேப்பரை நீட்டுவாங்க, "சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம், சிகிச்சையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை"னு இருக்கும். முதல் பாதிக்கு கையெழுத்து போடலாம், ரெண்டாவது பாதியை அடிச்சுட்டு "படுக்கைப்புண் ஏற்பட்டதால் மாற்றுகிறோம்"னு உங்க கையால எழுதி தேதி, நேரம் போடுங்க. பில்லுல கொஞ்சம் தள்ளுபடி தர்றோம்னு சொல்லி வாங்குற "முழுமையாக செட்டில் ஆனது" கடிதமும் இதே ரகம்தான். நான் கூடப் போன ஒரு குடும்பம் 15,000 ரூபா தள்ளுபடிக்கு அந்த வரியில கையெழுத்து போட்டுட்டு பின்னாடி ரொம்ப கஷ்டப்பட்டாங்க.

இன்னொண்ணு, வார்டுல யார் மேலயும் கை வைக்காதீங்க, கண்ணாடியை உடைக்காதீங்க. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குறதுக்கு தமிழ்நாட்டுல 2008-ல இருந்தே தனிச்சட்டம் இருக்கு, ஜாமீன்ல விட முடியாத குற்றம். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒரே ராத்திரியில குற்றவாளியாகி நிக்கிறதை கண்ணால பார்த்திருக்கேன்.

2. உயிர் போயிருந்தா இதை முன்னாடி படிங்க

எந்தத் தப்பையும் பின்னாடி சரி பண்ணலாம், போஸ்ட்மார்ட்டம் பண்ணாம எரிச்சதை மட்டும் சரி பண்ண முடியாது. தப்பு ஊசி, தப்பு ரத்தம், கீழ விழுந்து தலையில அடி இந்த மாதிரி சந்தேகம் இருந்தா உடம்பை வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்துப்பூர்வமா புகார் குடுங்க. பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்கு பதிலா வந்த குற்ற விசாரணைச் சட்டம்) 194-ம் பிரிவுல சந்தேக மரணமா பதிவு பண்ணி, அரசு ஆஸ்பத்திரியில பிரேத பரிசோதனைக்கு அனுப்புவாங்க.

சொந்தக்காரங்க "போனவரை அறுக்க வேண்டாம்"னு சொல்லுவாங்க, அந்த வேதனை நியாயமானது, ஆனா வீட்டுல முடிவெடுக்கிறவங்க அந்த ஒரு மணி நேரத்துல தெளிவா இருக்கணும். மருந்து சம்பந்தப்பட்ட சந்தேகம்னா எந்த மருந்துனு புகார்லயே எழுதுங்க, அப்பதான் உள்ளுறுப்பு மாதிரியை எடுத்து லேப்புக்கு அனுப்பும்போது எதைத் தேடணும்னு அவங்களுக்குத் தெரியும்.

3. அன்னைக்கே உங்க பக்கத்து ஆதாரத்தை சேருங்க

போட்டோ: புண்ணை ரெண்டு தூரத்துல எடுங்க, ஒண்ணு உடம்புல எந்த இடம்னு தெரியற மாதிரி, இன்னொண்ணு கிட்ட, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. தினமும் ஒண்ணு. அந்த போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு போன்ல டெலீட் பண்ணிடாதீங்க, வாட்ஸ்அப்ல போனா எடுத்த தேதி விவரம் போயிரும். எடுத்த போனை கேஸ் முடியிற வரைக்கும் விக்காதீங்க.

நோட்டு: யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னாங்கனு அன்னைக்கு ராத்திரியே எழுதிருங்க. நர்ஸ் பேர் தெரியலைன்னா "ராத்திரி டியூட்டி, கண்ணாடி போட்டவங்க"னு எழுதினாலும் போதும், டியூட்டி ரோஸ்டர்ல (யாருக்கு எப்போ டியூட்டிங்கிற பட்டியல்) இருந்து பின்னாடி பேரை எடுத்துக்கலாம்.

பொருள்: காலி மருந்து பாட்டில், அட்டை, சிரிஞ்ச் மூடி எது கைக்குக் கிடைச்சாலும் கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. இது எதுக்குன்னு ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம ஊர்ல இன்சுலின் ரெண்டு வலிமையில வருது, ஒரு மில்லியில 40 யூனிட், ஒரு மில்லியில 100 யூனிட். சிரிஞ்சும் தனித்தனி, 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 வலிமை மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 10-ம் கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட். முதியோர் இல்லத்துல காலையில மயங்கிக் கிடந்தார்னு போன் வர்ற பல சம்பவத்துல கேட்க வேண்டிய முதல் கேள்வி இது, அதுக்கு பதில் அந்த சிவப்பு மூடியிலயும் பாட்டில் லேபிள்லயும்தான் இருக்கு.

சிசிடிவி: கீழ விழுந்த கேஸ்னா அன்னைக்கே "இந்த தேதி, இந்த நேர ஃபுட்டேஜை அழிக்காமல் பாதுகாக்கவும்"னு கடிதம் குடுங்க. பழைய பதிவு மேலயே புதுசு பதிவாகுற மெஷின் அது, ஒரு மாசம் கழிச்சு கேட்டா இருக்காது. கடிதம் குடுத்தும் அழிச்சிருந்தா அதையே அவங்களுக்கு எதிரா சொல்லலாம்.

4. கேஸ் ஷீட் முழுசா வாங்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரி போதாது

நிறைய பேர் டிஸ்சார்ஜ் சம்மரியை தூக்கிட்டு வக்கீல்கிட்ட போறாங்க. அது டாக்டர் எழுதுறது, நர்ஸிங் தப்பு அதுல தெரியவே தெரியாது. நமக்கு வேண்டியது நர்ஸ் எழுதுன பக்கங்கள். கடிதத்துல இதை எல்லாம் பேர் சொல்லி கேளுங்க: அட்மிஷன் அன்னைக்கு எழுதுன நர்ஸிங் அசெஸ்மென்ட், தினசரி நர்ஸஸ் நோட்ஸ், மருந்து குடுத்த சார்ட், டெம்பரேச்சர் பிபி சார்ட், குடிச்சது போனது கணக்கு சார்ட், பொசிஷன் மாத்துன சார்ட், காயம் பார்த்த சார்ட், சம்மதப் படிவங்கள், லேப் ரிப்போர்ட், ஐட்டம் வாரியா பில்.

கடிதம் ரெண்டு வரி போதும்: "என் தந்தை திரு. ____, உள்நோயாளி எண் ____, ____ முதல் ____ வரை தங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். கீழ்க்கண்ட மருத்துவ ஆவணங்களின் முழு நகலை 72 மணி நேரத்துக்குள் வழங்கவும், நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன்." ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல், கையெழுத்து, தேதி வாங்குங்க. வாங்க மாட்டேன்னா அன்னைக்கே ஸ்பீட் போஸ்ட், கூடவே ஈமெயில்.

72 மணி நேரம்ங்கிறது நான் சொல்ற கணக்கு இல்ல, மருத்துவர்களோட நடத்தை பத்தின 2002 ஒழுங்குமுறையில இருக்கு. உள்நோயாளி ஆவணத்தை சிகிச்சை தொடங்குன நாள்ல இருந்து 3 வருஷம் வைக்கணும்னும் அதுலயே இருக்கு. அரசு ஆஸ்பத்திரின்னா கடிதத்தோட ஆர்டிஐ மனுவும் போடுங்க.

ஏன் இவ்ளோ அவசரம்னா, புகார் வரப்போகுதுனு தெரியாத வரைக்கும் அந்த ஃபைல் இருந்தபடியே இருக்கும். அதனால கடிதத்துல கேஸ் பத்தியோ வக்கீல் பத்தியோ ஒரு வார்த்தை வேண்டாம், "மேல் சிகிச்சைக்காக"னு எழுதுங்க, அது உண்மையும்கூட.

5. கேஸ் ஷீட்டை எப்படி படிக்கணும்

இந்த வேலையை வக்கீல்கிட்ட விட்டுறாதீங்க, அவருக்கு நேரம் இருக்காது. நீங்களே ஒரு பெரிய தாள் எடுத்து இடது பக்கம் தேதி, நேரம், நடுவுல அவங்க எழுதுனது, வலது பக்கம் உங்களுக்குத் தெரிஞ்சதுனு மூணு கட்டமா போட்டு உக்காருங்க.

எங்கப்பா ஃபைல்ல முதல் பக்கத்துல, அட்மிஷன் அன்னைக்கு நர்ஸ் எழுதுன அசெஸ்மென்ட்ல, தோல்ங்கிற இடத்துக்கு நேரா "காயம் இல்லை"னு டிக் இருந்துச்சு. கடைசி நோட்ஸ்ல நாலாம் நிலை புண்ணுனு, அதாவது எலும்பு வரைக்கும் போனதுனு இருந்துச்சு. அந்த ரெண்டு வரிக்கு நடுவுல நடந்ததுக்கு அவங்கதான் பதில் சொல்லணும், புண்ணை வீட்டுல இருந்து கொண்டு வந்தீங்கனு இனிமே சொல்ல முடியாது.

அடுத்தது பொசிஷன் சார்ட். எழுந்திரிக்க முடியாத நோயாளியை வழக்கமா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். எங்க சார்ட்ல 8, 10, 12, 2னு ஒழுங்கா டிக் இருந்துச்சு, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு நாள் கூட தவறல. எனக்கு முதல்ல மனசே உடைஞ்சு போச்சு, எல்லாம் பண்ணிட்டாங்க போலனு. அப்புறம் பில்லை பக்கத்துல வச்சு பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலையில 10 மணிக்கு "வலது பக்கம் திருப்பப்பட்டது"னு சார்ட் சொல்லுது, அதே நாள் ஸ்கேன் ரிப்போர்ட்ல படம் எடுத்த நேரம் 10:05, ஸ்கேன் ரூம் வேற கட்டடம், அங்க ஸ்ட்ரெச்சர்ல அவர் கூட நின்னது நான். பத்து மணிக்கு அந்தக் கட்டில் காலியா இருந்துச்சு. திருப்பாமயே டிக் போட்ட சார்ட் அதுனு அந்த ஒரு இடம் காட்டிக் குடுத்துருச்சு, மத்த டிக் எதையும் அதுக்கப்புறம் நம்ப முடியாதுன்னு வாதம் வைக்க முடிஞ்சுது.

அதனால ஸ்கேன், டயாலிசிஸ், பிஸியோ, ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை எல்லாம் நர்ஸிங் சார்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. மருந்து சார்ட்ல டாக்டர் எழுதுன ஆர்டரையும் குடுத்ததையும் ஒப்பிடுங்க: சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம், இந்த அஞ்சுல எது மாறியிருக்குனு பாருங்க. பார்மசி பில்லுல இல்லாத மருந்து குடுத்ததா இருந்தாலும், பில் போட்ட மருந்து குடுத்ததாவே இல்லாட்டியும் குறிச்சு வைங்க.

6. தப்பா, நோயோட விளைவானு ஒரு விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட கேளுங்க

கெட்டது நடந்த எல்லாமே கவனக்குறைவு ஆகாது. நாலு விஷயம் நிக்கணும்: கவனிக்கிற கடமை அவங்களுக்கு இருந்துச்சு, அதுல தவறுனாங்க, பாதிப்பு வந்துச்சு, அந்தத் தவறாலதான் அந்தப் பாதிப்பு வந்துச்சு. நாலாவதுலதான் முக்கால்வாசி கேஸ் விழுது.

"சர்க்கரை நோயாளி, பக்கவாதம், படுக்கைப்புண் வரத்தான் செய்யும்"னு சொல்லுவாங்க. அதுக்கு பதில், வரும்னு முன்கூட்டியே தெரியும்ல, அப்ப இன்னும் கூடுதலா பார்த்திருக்கணும்ல, ஏர் பெட் போட்டீங்களா, தோல் சிவந்த அன்னைக்கே டாக்டர்கிட்ட சொன்னீங்களாங்கிறது. அழுத்திட்டு விரலை எடுத்தாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் நிலை, அங்கயே பிடிச்சிருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்காது. எல்லாம் செஞ்சும் வந்துச்சுன்னு சார்ட் நேர்மையா காட்டுச்சுன்னா கேஸை விட்டுருங்க, இதையும் நான் ரெண்டு குடும்பத்துக்கு சொல்லியிருக்கேன்.

யார்கிட்ட கேட்கிறது? இன்னொரு டாக்டர் எழுதித் தரத் தயங்குவார். ரிட்டயர்டு நர்ஸிங் சூப்பிரண்டு, நர்ஸிங் காலேஜ் டீச்சர் யாராவது கிடைச்சா அவங்க அரை மணி நேரத்துல ஃபைலைப் பார்த்து எங்க ஓட்டைனு சொல்லிருவாங்க. நம்ம ஆளுங்க இவங்களைத் தேடிப் போறதே இல்ல.

7. யார் மேல கேஸ்: நர்ஸ் மேல இல்ல, நிர்வாகத்து மேல

கோவம் எல்லாம் அந்த நர்ஸ் பொண்ணு மேலதான் வரும். எனக்கும் வந்துச்சு. ஆனா ராத்திரியில அந்த வார்டு முழுசுக்கும் ரெண்டே பேர் ஓடிட்டு இருந்ததையும் நான்தான் பார்த்தேன். ஆளைக் குறைச்சு வச்சது யாரு? சட்டமும் இந்தப் பக்கம்தான், வேலைக்காரர் வேலையில செஞ்ச தப்புக்கு வேலை குடுத்தவர் பொறுப்பு.

இதுக்கு அடிப்படையா சொல்ற தீர்ப்பு 1998-ல உச்ச நீதிமன்றம் குடுத்த ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கு. டைபாய்டுக்கு சேர்த்த குழந்தைக்கு தகுதி இல்லாத ஒரு நர்ஸ் குளோரோகுவின் ஊசியை ரத்தக்குழாய்ல போட்டு, இதயம் நின்னு, மூளை பாதிச்சு போச்சு. குழந்தைக்கு 12.5 லட்சம், பெத்தவங்களோட மன வேதனைக்குத் தனியா 5 லட்சம்னு ஆஸ்பத்திரி பக்கம் குடுக்கணும்னு ஆச்சு. பெத்தவங்களும் கன்ஸ்யூமர்தான்னு அதுல தெளிவாவே சொல்லியிருக்கு, அதனால மனுவுல நோயாளியோட இழப்பையும் குடும்பத்தோட இழப்பையும் தனித்தனியா கேளுங்க.

2004-ல வந்த சவிதா கார்க் வழக்கும் முக்கியம். கவனிச்ச ஒவ்வொரு டாக்டர், நர்ஸ் பேரையும் எதிர்தரப்பா சேர்க்கணும்னு அவசியம் இல்ல, ஆஸ்பத்திரியை சேர்த்தா போதும், முதல்கட்டமா குறையைக் காட்டிட்டா கவனமா இருந்தோம்னு காட்ட வேண்டியது ஆஸ்பத்திரி வேலைனு அதுல இருக்கு. நர்ஸ் பேர் தெரியலையேனு மாசக்கணக்கா காத்திருக்கிறவங்க இதைக் கவனிங்க.

வீட்டுக்கு ஹோம் நர்ஸ் அனுப்புற ஏஜென்சின்னா ஏஜென்சி மேல. ஆள் நர்ஸே இல்ல, அட்டெண்டர்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க. நர்ஸா வேலை பார்க்கிறவங்க தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மகப்பேறு தாதியர் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், பதிவு இல்லாத ஆளை ஊசி போட விட்டது நிர்வாகத்தோட தப்பு.

8. எந்தக் கதவைத் தட்டணும்

இழப்பீடு வேணும்னா கன்ஸ்யூமர் கமிஷன், அதாவது நாம கன்ஸ்யூமர் கோர்ட்னு சொல்ற நுகர்வோர் குறைதீர் ஆணையம். காசு வாங்கிட்டு செய்யுற மருத்துவ சேவை இதுல வரும்னு 1995-ல வி.பி. சாந்தா வழக்குலயே முடிவாயிருச்சு. பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் நீங்க கன்ஸ்யூமர்தான், இஎஸ்ஐ ஆஸ்பத்திரியும் வரும். எல்லாருக்குமே முழுக்க இலவசமா பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி வராது, அதுக்கு சிவில் கோர்ட், ஹைகோர்ட் ரிட், மனித உரிமை ஆணையம்னு போகணும். அரசு ஆஸ்பத்திரின்னாலே ஒண்ணும் நடக்காதுனு நினைச்சுறாதீங்க, எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு கண் பரிசோதனை பண்ணாம விட்டு பார்வை போன வழக்குல 2015-ல உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபா குடுக்கச் சொல்லுச்சு.

போலீஸ் கேஸ்னா தரம் வேற. 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி சாதாரண கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமா இருக்கணும், போலீஸும் வெளி டாக்டர் ஒருத்தரோட கருத்தை வாங்கிட்டுத்தான் மேல போகணும். 2024 ஜூலை 1-ல இருந்து நடந்த மரணம்னா, அலட்சியத்தால மரணம்ங்கிற பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த சட்டம்) 106(1), 5 வருஷம் வரைக்கும் சிறை. அதுல பதிவு பெற்ற டாக்டருக்கு 2 வருஷம்னு குறைச்சிருக்காங்க, ஆனா அந்த விளக்கத்துல மருத்துவக் கவுன்சில் பதிவேட்டுல இருக்கிறவங்களை மட்டும்தான் சொல்லியிருக்கு, நர்ஸ் அதுல இல்ல. எழுதியிருக்கிற வார்த்தைப்படி பார்த்தா ஒரே தப்புக்கு டாக்டரை விட நர்ஸுக்கு அதிக தண்டனை வரலாம். எனக்கு இது நியாயமா படல, அதனாலயும் படுக்கைப்புண் மாதிரி கேஸுக்கு நான் போலீஸ் பக்கம் போகச் சொல்றதில்ல.

லைசென்ஸ், ஆள் பற்றாக்குறை மாதிரி விஷயத்துக்கு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல புகார் குடுங்க, 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரிகளோட பதிவு அங்கதான். காசு வராது, ஆனா ஆய்வு நடந்தா அந்த ரிப்போர்ட் உங்க கேஸுக்கு உதவும்.

9. முதியோர் இல்லம்னா கூடுதலா பார்க்க வேண்டியது

சேர்க்கும்போது போட்ட ஒப்பந்தத்தை எடுங்க. என்னென்ன செய்வோம்னு எழுதியிருக்கு, நர்ஸ் 24 மணி நேரமும் இருப்பாங்களா, மருந்து யார் குடுப்பாங்க, மாசம் எவ்வளவு கட்டுனீங்க. அதுல கடைசியில "விழுந்தாலோ உடல்நலம் கெட்டாலோ நிர்வாகம் பொறுப்பல்ல"னு ஒரு வரி கட்டாயம் இருக்கும், அதைப் பார்த்து பயந்து விட்டுறாதீங்க. காசு வாங்கிட்டு செய்ய வேண்டியதை அலட்சியத்தால செய்யாம விட்டா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அது சேவைக் குறைபாடுதான், அந்த ஒரு வரி அதை அழிச்சிடாது.

சாப்பாடு குடுக்காம, டயப்பர் மாத்தாம, கட்டிப்போட்டு வச்சிருந்தாங்கன்னா 14567 முதியோர் உதவி எண்ணுக்கு கூப்பிடுங்க, மாவட்ட சமூகநல அலுவலகத்துலயும் கலெக்டர் ஆபீஸ்லயும் எழுத்துல குடுங்க. அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவு பி.என்.எஸ். 357: இயலாதவரைக் கவனிச்சுக்கிறதா ஒப்பந்தம் போட்டுட்டு வேணும்னே கவனிக்காம விட்டா 3 மாசம் வரைக்கும் சிறை, இல்ல 5,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். தண்டனை சின்னதுதான், ஆனா அப்படியே இல்லத்துக்குப் பொருந்துற பிரிவு.

தர்மத்துக்கு இலவசமா நடத்துற இல்லம்னா கன்ஸ்யூமர் கமிஷன் போக முடியாது, மேல சொன்ன ஆபீஸ்களும் சிவில் கோர்ட்டும்தான் வழி.

10. நோட்டீஸ் அனுப்புங்க, ஆனா காலண்டரைப் பார்த்துக்கோங்க

கேஸ் போடறதுக்கு முன்னாடி நிர்வாகத்துக்கு நோட்டீஸ் அனுப்பணும்னு சட்டம் கட்டாயமாக்கல. இருந்தாலும் அனுப்புங்க, ஏன்னா பதில்ல அவங்க சொல்ற கதை அதோட நிலைச்சிரும், பின்னாடி மாத்த முடியாது. நடந்தது, என்ன குறை, எவ்வளவு கேட்கிறோம், 15 நாள் டைம். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆன பக்கத்தை பிரின்ட் எடுத்து வைங்க.

கேஸ் போடறதுக்கு 2 வருஷம்தான் டைம். நோட்டீஸ் அனுப்புனதாலயோ பேச்சுவார்த்தை நடக்கிறதாலயோ அந்தக் கணக்கு நிக்காது. "பேசி முடிச்சிரலாம் சார்"னு இழுத்து இழுத்து 2 வருஷத்தைத் தாண்ட விடுறது நான் அடிக்கடி பார்த்த விஷயம். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கச் சொல்லி கேட்கலாம், ஆனா அதை நம்பி உக்காராதீங்க.

11. மனு போடுறது

எந்த கமிஷன்ங்கிறது நீங்க கட்டுன பில் தொகையை வச்சு, கேட்கிற இழப்பீட்டை வச்சு இல்ல. இதுல நிறைய பேர் குழம்புறாங்க. பில் 50 லட்சம் வரைக்கும் மாவட்ட கமிஷன், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில கமிஷன், அதையும் தாண்டினா தேசிய கமிஷன். பில் 5 லட்சம் வரைக்கும் இருந்தா மனுவுக்கு ஃபீஸே கிடையாது. எங்க பில் 3 லட்சத்து சொச்சம், கேட்டது அதை விட பல மடங்கு, ஃபீஸ் ஒரு பைசா கட்டல.

நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம். ஆஸ்பத்திரி சென்னையில இருக்குனு தென்காசியில இருக்கிறவங்க சென்னைக்கு ஓட வேண்டியதில்ல. கன்ஸ்யூமர் கேஸுக்கான அரசு தளமான இ-ஜாக்ரிதியில ஆன்லைன்லயும் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்ல, ஆனா மருத்துவ கேஸுக்கு ஒருத்தர் இருந்தா நல்லது, வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, நம்பர் 15100, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவசமா தர்றாங்க. நோயாளி இறந்திருந்தா வாரிசுகள் போடலாம், வாரிசு சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிச்சிருங்க, அதுக்குக் காத்திருந்தே சிலருக்கு மாசங்கள் போயிருது.

மனுவுல கோவத்தைக் கொட்டாதீங்க. தேதி வாரியா நடந்தது, ஒவ்வொண்ணுக்கும் எந்த ஆவணம் எத்தனாவது பக்கம்னு எழுதுங்க. இழப்பீட்டைப் பிரிச்சுக் கேளுங்க: புண்ணை ஆத்துறதுக்கு ஆன ஆபரேஷன், டிரெஸ்ஸிங் செலவு, ஆள் வச்ச சம்பளம், லீவு போட்டதால போன வருமானம், வலி, மன உளைச்சல், வழக்குச் செலவு. "மொத்தம் 50 லட்சம்"னு ஒரே வரியில கேட்டா ஏன்னு கேட்கும்போது பதில் இருக்காது. டூட்டி ரோஸ்டரையும் அசல் கேஸ் ஷீட்டையும் எதிர்தரப்பு தாக்கல் பண்ணணும்னு தனியா ஒரு மனுவும் போடுங்க, அந்த ராத்திரி எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ்னு அதுலதான் வெளிய வரும்.

12. விசாரணையும் அதுக்கப்புறமும்

கமிஷன் அனுப்புற நோட்டீஸ் கிடைச்சு 30 நாள்ல எதிர்தரப்பு பதில் தாக்கல் பண்ணணும், அதிகபட்சம் இன்னொரு 15 நாள். 45 நாளைத் தாண்டினா ஏத்துக்கக் கூடாதுனு 2020-ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கு, அதனால அந்த தேதியை எண்ணிட்டு இருங்க, தாண்டினா அன்னைக்கே ஆட்சேபணை பண்ணுங்க.

நிபுணர் கருத்து இல்லாம கேஸ் நிக்காதுனு எதிர்தரப்பு வக்கீல் அடிச்சு சொல்லுவார். எல்லா கேஸுக்கும் அது தேவை இல்லைனு 2010 கிஷன் ராவ் தீர்ப்பு சொல்லுது. சார்ட்ல திருப்புனதா இருக்கு, ஆள் ஸ்கேன் ரூம்ல இருந்தார்ங்கிறதைப் புரிஞ்சுக்க நிபுணர் வேண்டாம்ல. ஆனா தப்பு மருந்தாலதான் கிட்னி போச்சு மாதிரி விஷயத்துக்கு கண்டிப்பா வேணும்.

சட்டத்துல 3 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, நடைமுறையில வருஷக்கணக்காகுது, அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. எல்லா வாய்தாவுக்கும் யாராவது ஒருத்தர் போங்க, ஆள் வராம தள்ளுபடி ஆன கேஸை திரும்ப எடுக்கிறது பெரும்பாடு. நடுவுல சமரசத்துக்குக் கூப்பிட்டா போங்க, தொகை நியாயமா இருந்தா ஒத்துக்கலாம், ஆனா எழுத்துல, கமிஷன் மூலமா, பணம் வர்ற தேதியோட.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கிருங்க. தோத்தா மாநில கமிஷன்ல மேல்முறையீட்டுக்கு 45 நாள். ஜெயிச்சு எதிர்தரப்பு மேல போறாங்கன்னா தீர்ப்புத் தொகையில பாதியை கட்டிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் போடாம பணமும் தராம இருந்தா அதே கமிஷன்ல நிறைவேற்று மனு போடுங்க, உத்தரவை மதிக்காதவங்களுக்கு ஒரு மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 25,000-ல இருந்து ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 72-ம் பிரிவு சொல்லுது. எங்களுக்கு காசோலை வந்தது அந்த மனு போட்டு மூணாவது வாய்தாவுலதான்.